படிக்கிற பிள்ளையின் கையில் பல்லைக் கொடுக்கலாமா?

(மக்ரிப் தொழுகைக்குப் பின் நடந்த குடும்பக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



அடுத்த மாதம் பல் வைத்தியத்துக்காக நம் அறக்கட்டளை வேன் மறுபடியும் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போக இருக்கிறது. பெயர் கொடுத்தவர்களில் சில குடும்பத்தார் போன வாரம் வந்து, "எங்க பேரை எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டேன். "படிக்கிற பிள்ளைங்க கையில எங்களைக் கொடுத்து பழக விடுறீங்க" என்றார்கள். அவர்கள் மனம் விட்டுச் சொன்னதற்கு நன்றி சொல்ல வேண்டும். தெருவில் பேசிக்கொண்டிருப்பதைவிட இங்கே வந்து கேட்பதுதான் நல்லது. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று உங்களைக் கூப்பிட்டேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்குத் தெரிந்தது கூட்டியும் குறைத்தும் இருக்கிறது.

போன தடவை போன வேனில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் வந்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள். கீழ்த் தாடையில் ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாகி வேர் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு மாணவி மரத்துப்போகும் ஊசி போட்டுப் பல்லை எடுத்தார். நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆனது. பஞ்சைக் கடிக்கக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாலையில் ஊர் வந்து சேர்ந்தோம். இரவு பதினொரு மணிக்கு அவர்கள் மகன் என்னைக் கூப்பிட்டார். "மாமா, அம்மாவுக்கு வாயெல்லாம் ரத்தம், நிக்கவே மாட்டேங்குது." கல்லூரி எண்ணுக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை. அந்த நேரத்தில் என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்தவர்கள் அழுத்திப் பிடித்து, தையல் போட்டு, ரத்தத்தை நிறுத்தினார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தாய் இன்று நலமாக இருக்கிறார்கள்.

மறுநாள்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்களுக்கு மூன்று வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார்கள். கல்லூரியில் "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா அம்மா?" என்று அந்த மாணவி கேட்டிருக்கிறார். இவர்கள் "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "தம்பி, சொன்னா திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயந்துட்டேன். வேன்ல வரும்போதே அதிகமா பேசாதீங்க, டாக்டர் எழுத்து கேப்பாங்கன்னு உங்க ஆளுதான் சொன்னாரு" என்றார்கள்.

உங்க ஆளு என்றால் நம் ஆள்தான். நம் தொண்டர். எல்லாருக்கும் வைத்தியம் நடந்துவிட வேண்டும், யாரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் சொன்னது. ஆனால் அந்த நல்ல எண்ணம் ஒரு தாயை நடு இரவில் ரத்தம் கொட்ட வைத்துவிட்டது. ஆகவே அந்த மாணவியின் மீது பழியைப் போடுவதற்கு முன்னால், நம் மீது இருக்கிற பழியை நான் ஒப்புக்கொள்கிறேன். பெயர் எழுதினோம், வேன் ஏற்பாடு செய்தோம், பிரியாணிப் பொட்டலம் கொடுத்தோம். யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கவில்லை. இரவில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி காட்ட வேண்டும் என்றார்கள், அதற்கு வேன் இல்லை. அந்தத் தாயிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இங்கே எல்லார் முன்னாலும் கேட்கிறேன்.

கல்லூரிப் பக்கமும் குறை உண்டு. பல்லை எடுத்து முடித்த பிறகு, அனுப்புவதற்கு முன், பேராசிரியர் ஒருவர் வந்து அந்த இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். வயதைப் பார்த்தாவது இரண்டாம் முறை கேட்டிருக்க வேண்டும். அதை அவர்களிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை.

இனி கேள்விக்கு வருவோம். மாணவர் கையில் பல்லைக் கொடுக்கலாமா?

பல் மருத்துவப் படிப்பு நான்கு வருடம், அதற்கு மேல் ஒரு வருடம் பயிற்சி, ஆக ஐந்து வருடம். முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் புத்தகமும் பொம்மைப் பல்லும்தான். மூன்றாம் வருடத்தில்தான் நோயாளிகளைப் பார்க்க வருகிறார்கள். சாதாரணமாகப் பல் எடுப்பதைப் பெரும்பாலும் கடைசி வருட மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் செய்கிறார்கள். எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் ஞானப்பல்லை ஈறைக் கீறி எடுப்பது, தாடை முறிவு, கட்டி போன்றவற்றைப் படிப்பு முடித்து மேலும் மூன்று வருடம் வாய் அறுவை மருத்துவம் படிக்கிறவர்களும் பேராசிரியர்களும் பார்க்கிறார்கள். கூட்டத்தில் நமக்கு எல்லாரும் வெள்ளைக் கோட்டுதான். ஆனால் அந்தக் கோட்டுகளுக்குள் இத்தனை படிகள் இருக்கின்றன.

இதை நாம் விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. ரமலானில் தராவீஹ் தொழவைக்க மதரஸாவில் ஹிஃப்ளு முடித்த பிள்ளையை முன்னால் நிறுத்துகிறோம். பதினாறு, பதினேழு வயதுதான் இருக்கும். "பச்சைப் பிள்ளை, அவன் பின்னால் தொழ மாட்டேன்" என்று யாரும் சொல்வதில்லை. ஏன்? பின்னால் முதல் ஸஃப்பில் இன்னொரு ஹாபிழ் நிற்கிறார். பிள்ளை ஒரு ஆயத்தில் தடுமாறினால் அவர் எடுத்துக் கொடுப்பார். அந்த ஆள் இல்லாமல் பிள்ளையைத் தனியாக நிறுத்தினால் அது நிர்வாகத்தின் தவறு, பிள்ளையின் தவறில்லை. இப்படி ஓதி ஓதித்தான் அந்தப் பிள்ளை நாளைக்கு மற்றவருக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்கிறவராக ஆகிறான்.

பல் மருத்துவமும் அப்படித்தான். இன்று கைதேர்ந்த மருத்துவர் என்று நாம் தேடிப் போகிற ஒவ்வொருவரும் ஒருநாள் முதல் பல்லை யாரோ ஒருவர் வாயில்தான் எடுத்திருப்பார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "மாணவரா?" என்பதோடு நிற்கக் கூடாது. "பின்னால் யார் நிற்கிறார்?" என்று கேட்க வேண்டும்.

மார்க்கமும் இந்தப் பொறுப்பைத்தான் பேசுகிறது. மருத்துவம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய கிதாபுகளில் பதிவாகியிருக்கிறது. தொழில் தெரிந்தவர், நோயாளியின் அனுமதியோடு, முறை தவறாமல் செய்தும் ஒரு கேடு வந்துவிட்டால் அவர் மீது பொறுப்பில்லை என்று இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். அப்படியானால் மூன்று விஷயம் வேண்டும்: அறிவு, அனுமதி, முறை. மாணவரிடம் அறிவு பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி ஆசிரியரிடம் இருக்கிறது. இரண்டும் ஓரிடத்தில் இருந்தால்தான் முழுசாகும்.

மாணவர் செய்தால் கூடுதல் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். பழகாத கைக்கு நேரம் அதிகமாகும். நேரம் கூடினால் ஈறும் எலும்பும் அதிகம் அடிபடும். அடிபட்டால் வலியும் வீக்கமும் கூடும், புண் ஆறத் தாமதமாகும். பல் பாதியில் உடைந்து வேர் உள்ளே நிற்பதும் பழகாத கையில் கூடுதலாக நடக்கும். படிப்பில் இத்தனை பல் எடுத்துக் காட்ட வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கை முடிக்கிற அவசரமும் சில பிள்ளைகளிடம் இருக்கும். காப்பாற்றக்கூடிய பல்லை எடுத்துவிடுகிற ஆபத்து அதில் இருக்கிறது.

இது இன்றைய கவலை மட்டுமில்லை. ஆயிரம் வருடம் முன்பு குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, அத்தஸ்ரீஃப் என்ற தன் பெரிய மருத்துவ நூலின் அறுவை மருத்துவப் பகுதியில் பல் எடுப்பதைப் பற்றித் தனியாக எழுதினார். எடுப்பது கடைசி வழி, அவசரப்படாதே என்கிறார். வலி நோயாளியை ஏமாற்றும், நல்ல பல்லைக் காட்டிவிடுவார், எது கெட்ட பல் என்று உறுதி செய்த பிறகே கை வை என்கிறார். ஒன்றும் தெரியாமல் பல் பிடுங்குகிறவர்கள் வேரை உள்ளே விட்டுவிடுவதையும் தாடை எலும்பைச் சேர்த்துப் பெயர்த்துவிடுவதையும் கண்டிக்கிறார். இன்றைக்கும் பல் மருத்துவக் கல்லூரியில் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். நீங்களும் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேளுங்கள்: "எந்தப் பல்? எடுத்தே ஆகணுமா? வேர் சிகிச்சை செய்து காப்பாத்த முடியாதா?"

சரி, மாணவர் வேண்டாம், காசு கொடுத்து அனுபவமுள்ள மருத்துவரிடமே போகிறோம், அங்கே ஆபத்தில்லையே என்று நினைக்கலாம். வாணியம்பாடியில் நடந்ததைக் கேளுங்கள். நம் சமுதாய மக்கள் நிறைய வாழ்கிற ஊர். 2022, 2023 ஆண்டுகளில் அந்தப் பக்கத்தில் மூளையைத் தாக்குகிற ஒரு கிருமித் தொற்று பரவியது. மெலியாய்டோசிஸ் என்று அதற்குப் பெயர். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிற கிருமி அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அரசின் சுகாதாரத் துறையும் ஆராய்ந்தார்கள். பாதிக்கப்பட்ட 21 பேரில் 10 பேர் ஒரே பல் மருத்துவமனைக்குப் போனவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கிருமி வந்த வழி என்னவென்று பார்த்தார்கள். புண்ணைக் கழுவுகிற உப்புநீர் பாட்டிலை அறுவைக் கருவி ஒன்றாலேயே திறந்திருக்கிறார்கள். அதைச் சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்த நோயாளிக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆய்வின் முடிவு 2025-இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது.

அங்கே பல்லைத் தொட்டவர்கள் கல்லூரி மாணவர்கள் இல்லை. பல் நன்றாகத்தான் எடுக்கப்பட்டிருக்கும். ஒரு பாட்டில் எட்டு உயிரைக் கொண்டு போய்விட்டது. கை பழகிய கையா என்று மட்டும் பார்த்தால் போதாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கருவிகள் அழுத்த நீராவியில் 121 டிகிரிக்குக் குறையாமல் சுத்தம் செய்யப்பட்டு, ஒட்டிய உறையில் வருகின்றனவா? உறையை உங்கள் முன்னால் பிரிக்கிறார்களா? ஊசி புதிதா? கையுறை மாற்றினார்களா? கல்லூரியானாலும் பெரிய கிளினிக் ஆனாலும் நம் பக்கத்து ஊர் கடைத்தெருவானாலும் இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். பட்டமே இல்லாமல் பல் கட்டுகிறேன், பல் எடுக்கிறேன் என்று உட்கார்ந்திருப்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்திலிருந்தே பதிவு பெறாதவர் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பல் எடுத்தபின் வீட்டில் என்னென்ன வரலாம், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்கிறேன். தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள், இரவில் பக்கத்தில் இருக்கப் போவது நீங்கள்தான்.

முதலாவது ரத்தம். கொடுத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் நன்றாகக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கக் கூடாது. ஒரு நாள் வரை எச்சில் லேசாகச் சிவந்து வருவது சகஜம். வாய் நிறைந்து வந்தால் சுத்தமான துணிப்பஞ்சை நனைத்து மடித்து அந்தக் குழி மீது வைத்து, தலையை உயர்த்தி உட்கார்ந்து, மறுபடி அரை மணி நேரம் விடாமல் கடிக்க வேண்டும். அப்போதும் நிற்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாவது, எடுத்த இடத்தில் ரத்தம் உறைந்து ஒரு மூடி போல நிற்கும். புண்ணுக்கு அதுதான் கட்டு. அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரியும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் காது வரை இழுக்கிற வலி வரும், வாயில் நாற்றம் வரும். காய்ந்த குழி என்பார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் தூங்க விடாது. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிடக்காமல் போய்க் காட்டினால் கழுவி மருந்து வைத்து விடுவார்கள். பீடி, சிகரெட், புகையிலை போடுகிறவர்களுக்கு இது கூடுதலாக வரும்.

இதில் நமக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. மருத்துவர் முதல் நாள் வாய் கொப்பளிக்காதீர்கள் என்பார். நாம் ஐந்து வேளை உளூச் செய்கிறோம், பழக்க வேகத்தில் தண்ணீரை வாயில் போட்டுக் கலக்கித் துப்புகிறோம். அந்த உறைந்த ரத்தம் அதோடு போய்விடுகிறது. உளூவில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபிலும் சுன்னத், ஃபர்ளு இல்லை. ஆகவே அன்று அதை விட்டாலும் உளூ கூடும். மறுநாளிலிருந்து தண்ணீரை மெல்ல விட்டு, கலக்காமல், தலையைச் சாய்த்து வடிய விடுங்கள். குளிப்பு கடமையானவர்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மிஸ்வாக்கை அந்தப் பக்கம் சில நாள் கொண்டு போகாதீர்கள். ரமலானில் பல் எடுக்க வேண்டியிருந்தால், தள்ளிப் போடலாமா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சீழ் வைத்து முகம் வீங்கியிருந்தால் பெருநாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது.

மூன்றாவது, மேல் கடைவாய்ப்பல் வேருக்கு மேலே முகத்தில் ஒரு காற்றறை இருக்கிறது. சிலருக்குப் பல் எடுக்கும்போது அதற்கு வழி திறந்துவிடும். தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும். அப்படி வந்தால் மூக்கைச் சிந்தாதீர்கள், உடனே போய்க் காட்டுங்கள்.

நான்காவது, கீழ் ஞானப்பல்லுக்கு அடியில் உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. பல்லை எடுக்கும்போது அது நசுங்கினால் உதடும் தாடையும் மரத்துப் போகும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் திரும்பிவிடும். மிகச் சிலருக்கே நிலைத்துவிடும். இது எனக்கே வந்தது. ஒரு முதுநிலை மாணவர்தான் எடுத்தார். முன்னதாகவே பேராசிரியர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் காட்டி, "பாய், வேர் நரம்பை ஒட்டிக் கிடக்குது, கொஞ்ச நாள் உதடு மரத்திருக்கலாம், சம்மதமா?" என்று கேட்டார். இரண்டு மாதம் டீ குடித்தால் உதட்டோரம் வடியும். ஆனாலும் நான் பயப்படவில்லை, யாரையும் திட்டவில்லை. வரலாம் என்று எனக்கு முன்பே தெரியும். அதே சங்கடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஐந்தாவதைத்தான் உயிரோடு சம்பந்தப்பட்டது என்று நினைவில் வைக்க வேண்டும். தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் கெட்டியாக வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, நாக்கு மேலே தள்ளுவது, மூச்சுத் திணறல். இவை வந்தால் கல்லூரியைத் தேடாதீர்கள், செயலாளரைத் தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். மஞ்சள் பத்துப் போட்டு இரவைக் கழித்தால் மூச்சுக்குழாய் அடைத்துவிடும்.

இனி நீங்கள் சொல்ல வேண்டியவை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட், செயற்கை வால்வு, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடுகிற ஊசி, புற்றுநோய் வைத்தியம், எதையும் மறைக்காதீர்கள். எலும்புத் தேய்மான ஊசி போட்டவர்களுக்குச் சில சமயம் பல் எடுத்த தாடை எலும்பு ஆறாமலே போகும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு முன்னதாகவே கிருமிக்கொல்லி மருந்து கொடுக்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். அந்தத் தாய்க்கு நடந்ததைக் கேட்டுவிட்டு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். பல்லில் வரும் ரத்தத்தை அழுத்தி நிறுத்தலாம், இதயத்தில் வரும் அடைப்பு அப்படியில்லை. பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே, தையல் போட்டு, பல்லை எடுத்துவிடுகிறார்கள். முடிவு மருத்துவர் கையில் இருக்கட்டும். திருப்பி அனுப்பினால் அது அவமானமில்லை. நம் செலவில் இன்னொரு நாள் கூட்டிப் போகிறோம்.

கையெழுத்துப் போடுகிற தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை நாம் ஆதார் நகல் மாதிரி நினைத்து நீட்டிவிடுகிறோம். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று போதுமான அளவு சொல்லிப் பெற்றால்தான் அது சம்மதம். இலவச வைத்தியம் வாங்குகிறவருக்கும் அந்த உரிமை உண்டு. "செய்யப் போவது யார், எந்த வருஷம், மேற்பார்வை பார்ப்பது யார்?" என்று கேளுங்கள். ஆண் மருத்துவர் முன் கூச்சப்படும் சகோதரிகள், மாணவி இருக்கிறாரா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருப்பார்கள். கூடவே வீட்டு ஆள் ஒருவர் நிற்கட்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அதனால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

உண்மையிலேயே கவனக்குறைவு நடந்தால், முதலில் துறைத் தலைவரிடமும் கல்லூரி முதல்வரிடமும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அடுத்தது பல் மருத்துவக் கவுன்சில். எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் செய்கிற இடம் நுகர்வோர் சட்டத்தில் வராது. சிலரிடம் கட்டணம் வாங்குகிற இடமானால் இலவசமாகப் பார்த்தவரும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சீட்டு, எக்ஸ்ரே, மாத்திரை அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அறக்கட்டளை என்ன செய்யப் போகிறது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். நிர்வாகக் குழுவில் பேசி முடிவு செய்தவை இவை. வேனில் ஏறுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். நோய், மாத்திரை, ஒவ்வாமை, வீட்டு ஆளின் கைபேசி எண், எல்லாம் அதில் எழுதி, மாத்திரை அட்டையையும் கையில் கொண்டு வர வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் மதரஸாப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். அனுப்புவதற்கு முன் பேராசிரியர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று கல்லூரியிடம் கேட்டிருக்கிறோம். எழுத்தில் சம்மதித்தால்தான் வேன் கிளம்பும், இல்லையென்றால் வேறு கல்லூரி பார்ப்போம். அன்று இரவு முழுக்கத் தொண்டர்கள் இருவர் கைபேசியைத் திறந்து வைத்திருப்பார்கள், ஒரு வண்டி தயாராக நிற்கும். ஒரு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வேன் கட்டாயம் போகும். அதற்குப் பணம் போதாவிட்டால் ஆட்களைக் குறைப்போம். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போய் ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதைவிட, இருபது பேரைக் கொண்டுபோய் இருபது பேரையும் ஆறுகிற வரை பார்ப்பது மேல். வேனில் ஏறுகிறவர் நம்மை நம்பி ஏறுகிறார். அவர் உடம்பு நம் கையில் அமானிதம்.

பெயரை எடுக்கச் சொன்ன குடும்பத்தாருக்குச் சொல்கிறேன். உங்கள் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தத் தாளைப் பாருங்கள், கல்லூரியின் பதிலைப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். வரவில்லை என்றாலும் வருத்தமில்லை. ஆனால் பல்வலியோடு வீட்டில் கிடக்காதீர்கள். பல்லில் தொடங்கும் சீழ் பல்லோடு நிற்பதில்லை.

அந்தத் தாய் நேற்று என்னைப் பார்த்தபோது, "இன்னும் ரெண்டு வேர் இருக்கு தம்பி, அடுத்த வேன்ல என் பேரையும் எழுதிக்க. இந்தத் தடவை எல்லாத்தையும் சொல்லிருவேன்" என்றார்கள். எழுதிக்கொண்டேன்.

நோய்களுக்கு நிவாரணம் அளிப்பவன் அல்லாஹ். நம் பிள்ளைகளில் மருத்துவம் படிப்பவர்களுக்கு நல்ல கையையும் நல்ல ஆசிரியர்களையும் தருவானாக. நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நம் கையில் ஒப்படைக்கப்பட்டவர்களை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் தவ்ஃபீக்கை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.